தலைக்குக் குளிக்க நேரமில்லையா? டிரை ஷாம்பு எதைச் செய்யும், எதைச் செய்யாது?

முந்தாநாள்தான் தலைக்குக் குளித்தது. இன்று காலை பார்த்தால் வகிட்டோரம் முடி பிசுபிசுன்னு ஒட்டிக்கிடக்கிறது. மறுபடியும் தலைக்கு ஊற்றினால், நீளமான முடி காய ஒரு மணி நேரமாவது ஆகும். ஆபீஸ் வேன் அதுவரை காத்திருக்காது. ஈரத்தோடு பின்னல் போட்டால் தலைவலி, சளி என்று வீட்டில் ஒரு பாட்டு கேட்க வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில்தான் டிரை ஷாம்பு உள்ளே வருகிறது. தண்ணீர் வேண்டாம், நுரை வேண்டாம், துண்டு வேண்டாம். ரெண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது என்கின்றன விளம்பரங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பெட்டியில் கொண்டுவரும் பொருளாக இருந்தது, இன்று ஆன்லைனிலும் பெரிய மருந்துக் கடைகளிலும் சாதாரணமாகக் கிடைக்கிறது.

ஆனால், சில நூறு ரூபாய் கொடுத்து வாங்குவதற்கு முன்பு சில கேள்விகளுக்குப் பதில் தெரிந்துகொள்வது நல்லது. இது நிஜமாகவே தலையைச் சுத்தம் செய்கிறதா? நம்ம ஊர் வியர்வைக்கு ஒத்துவருமா? இதைவிட மலிவான வழி உண்டா? இதில் ஆபத்து எதுவும் இருக்கிறதா?

டிரை ஷாம்பு என்பது என்ன?

பெயரில் ஷாம்பு இருந்தாலும், இது ஷாம்பு வகையைச் சேர்ந்தது இல்லை. இதன் அடிப்படை மாவுச்சத்து. அரிசி, மக்காச்சோளம், மரவள்ளி போன்றவற்றிலிருந்து எடுக்கப்படும் ஸ்டார்ச்சை மிக நைசாக அரைத்து, கூடவே சிலிக்கா, வாசனைப் பொருட்கள் போன்றவற்றைச் சேர்த்திருப்பார்கள்.

கடைகளில் இது இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று, ஸ்பிரே கேன். இதில் மாவுச்சத்தைத் தலைக்குக் கொண்டுசேர்க்க பியூட்டேன், புரோப்பேன் போன்ற வாயுக்களை அழுத்தி அடைத்திருப்பார்கள். சமையல் காஸ் சிலிண்டரில் இருப்பதும் இதே வாயுக்கள்தான். சீக்கிரம் காய்வதற்காகப் பலவற்றில் ஆல்கஹாலும் உண்டு. இன்னொன்று, டப்பாவில் வரும் பவுடர். இதில் வாயு கிடையாது. தூவித் தேய்க்க வேண்டியதுதான்.

மாவைத் தலையில் தூவுவது புதிய யோசனையும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிரபுக்கள் பொய்முடியிலும் சொந்த முடியிலும் ஸ்டார்ச் பவுடரைக் கொட்டிக்கொண்டு திரிந்தார்கள். 1795-இல் பிரிட்டன் அரசு முடிப் பவுடருக்கு ஆண்டுக்கு ஒரு கினி என்று வரியே போட்டது. பிசுக்கை எடுப்பதற்கென்று பாக்கெட்டில் அடைத்த டிரை ஷாம்பு பவுடர்கள் 1940-களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டன. ஸ்பிரே கேன் அதற்குப் பிறகு வந்தது.

இது எப்படி வேலை செய்கிறது?

ஒவ்வொரு மயிர்க்காலுக்குப் பக்கத்திலும் எண்ணெய்ச் சுரப்பி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து வரும் சீபம் என்ற எண்ணெய்ப்பசை உச்சந்தலைத் தோலையும் முடியின் அடிப்பகுதியையும் காய்ந்துபோகாமல் காக்கிறது. குளித்து ஒன்றிரண்டு நாளில் இது வேரிலிருந்து கீழே இறங்க ஆரம்பிக்கும். முடிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்து, தலையைப் படிய வைத்து, பளபளவென்று எண்ணெய் வடிவது போலக் காட்டுவது இதுதான். நேரான முடியில் சீபம் சுலபமாக இறங்கிவிடும். சுருட்டை முடியில் மெதுவாகத்தான் இறங்கும். அதனால்தான் சிலருக்கு மறுநாளே பிசுக்கு தெரிகிறது, சிலருக்கு நாலு நாளானாலும் தெரிவதில்லை.

மாவுச்சத்தின் துகள்கள் இந்த எண்ணெயை உறிஞ்சித் தங்களோடு பிடித்துவைத்துக்கொள்கின்றன. பஜ்ஜியைக் காகிதத்தில் வைத்தால் காகிதம் எண்ணெயை இழுத்துக்கொள்கிறதல்லவா, அதே சங்கதிதான். எண்ணெய் போனதும் முடிகள் பிரிந்து நிற்கும். முடிகளுக்கு நடுவே துகள்களும் உட்கார்ந்திருப்பதால் தலைமுடி கொஞ்சம் அடர்த்தியாகக்கூடத் தெரியும்.

அப்படியென்றால் தலை சுத்தமாகிவிட்டதா?

இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

சாதாரண ஷாம்புவில் இருக்கும் நுரைக்கும் பொருட்கள் எண்ணெயையும் அழுக்கையும் பிடித்து, தண்ணீரோடு சேர்த்து வெளியேற்றிவிடும். டிரை ஷாம்புவில் வெளியேற்றும் வேலையே நடப்பதில்லை. எண்ணெய் மாவுக்குள் போகிறது. அந்த மாவு தலையிலேயே இருக்கிறது. சீவும்போது கொஞ்சம் உதிரும், மீதி தோலில் ஒட்டிக்கொள்ளும். வியர்வையின் உப்பு, சாலைத் தூசி, இறந்த தோல் செல்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வாசனைப் பொருள் சேர்ப்பதால் குளித்த மாதிரி மணம் வரும், அவ்வளவுதான்.

பொடுகு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கணும். மலசீசியா என்ற பூஞ்சை எல்லோருடைய உச்சந்தலையிலும் உண்டு. அதற்கு உணவு இந்த எண்ணெய்ப்பசைதான். தலையைக் கழுவாமல் மேலே மேலே பவுடர் போட்டுக்கொண்டே போனால், அதன் உணவை அங்கேயே தங்கவைத்தது போலாகும். பொடுகுச் செதிலும் பவுடரும் சேர்ந்து அப்பிக்கொண்டால் அரிப்பு கூடும். தோளில் உதிர்வது பொடுகா, பவுடரா என்றுகூடத் தெரியாது.

“டிரை ஷாம்பு போட்டா முடி கொட்டுதாமே?” என்ற சந்தேகமும் பலருக்கு உண்டு. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. நாலைந்து நாள் தலையை அலசாமல் இருந்தால், உதிர்ந்த முடிகள் மற்ற முடிகளோடு சிக்கி நின்று, அடுத்த முறை குளிக்கும்போது மொத்தமாகக் கையோடு வரும். பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, அதில் பெரும்பகுதி முன்பே உதிர்ந்ததுதான். அதேசமயம், பவுடர் படிந்து தோலில் எரிச்சல், சிவப்பு, கொப்புளம் வந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

நம்ம ஊர் வெயிலுக்கு ஒத்துவருமா?

குளிர் நாடுகளில் தலை பிசுபிசுப்பதற்கு முக்கியக் காரணம் எண்ணெய்ப்பசை. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அதைவிடப் பெரிய பிரச்சினை வியர்வை. வியர்வை என்பது பெரும்பாலும் தண்ணீர். மாவும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சமையல் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஈரத் தலையில் தூவிய டிரை ஷாம்பு பசையாகி முடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைச் சீவி எடுப்பது சிரமம்.

ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு ஸ்பிரே அடிப்பது இதனால்தான் பலன் தருவதில்லை. மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் உட்கார்ந்து, தலை நன்றாகக் காய்ந்த பிறகு போடணும். தலை முழுக்க நனையும் அளவுக்கு வியர்த்த நாளில் டிரை ஷாம்பு எந்த விதத்திலும் உதவாது; வெறும் தண்ணீரில் ஒரு அலசு அலசினாலே போதும், உப்பு போய்விடும்.

தேங்காய் எண்ணெய் வைத்த தலைக்கும் இது தோதில்லை. இதன் வேலை சுரப்பியிலிருந்து வரும் கொஞ்சநஞ்ச எண்ணெயை எடுப்பது. கைநிறைய வைத்த எண்ணெயை உறிஞ்சுவதற்கு எவ்வளவு போட்டாலும் போதாது. கடைசியில் களி கிண்டின மாதிரி ஆகிவிடும்.

விலை கட்டுப்படியாகுமா?

ஷாம்பு என்றாலே ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் பாக்கெட்தான் நம் நினைவுக்கு வரும். அந்தப் பாக்கெட் கலாசாரம் பரவியதில் கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஊரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் திரவப் பொருட்களைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்பதில் முன்னோடி. அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் தொழில் தொடங்கி, ‘சிக்’ ஷாம்பு பாக்கெட்டைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுபோனார்.

அந்தக் கணக்கோடு டிரை ஷாம்புவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு ஸ்பிரே கேனின் விலை 500 ரூபாய் என்றும், அது 25 முறை வரும் என்றும் வைத்துக்கொண்டால் ஒரு தடவைக்கு 20 ரூபாய். தண்ணீரில் தலைக்குக் குளிக்கும் செலவைவிட இது பல மடங்கு அதிகம். ஆக, டிரை ஷாம்பு காசை மிச்சப்படுத்துவதில்லை. மிச்சமாவது நேரமும் தண்ணீரும்தான்.

கேனைக் கையில் எடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். மூலப்பொருட்களின் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். ஸ்பிரே கேன்களில் பெரும்பாலும் பியூட்டேன், ஐசோபியூட்டேன், புரோப்பேன் என்று வாயுக்களின் பெயர்தான் முதலில் இருக்கும். மாவுச்சத்து அதற்குப் பின்னால். கேனில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும் வாயு. அதனால் விலை குறைவாக வேண்டும் என்பவர்களுக்குப் பவுடர் வடிவம்தான் தோது. அதில் கொடுக்கும் காசு முழுக்கப் பவுடருக்கே போகும், ஒரு டப்பா அதிக நாளும் வரும்.

வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறதா?

வேலை செய்வது மாவுச்சத்துதான் என்றால், மளிகைக் கடையில் கிடைக்கும் மாவுச்சத்து போதாதா? ஓரளவுக்குப் போதும்.

இதற்கு ஏற்றது கார்ன்ஃப்ளார். மஞ்சூரியன், சூப் செய்யப் பயன்படுத்தும் வெள்ளை வெளேர் என்ற மாவு இது. மஞ்சளாக இருக்கும் மக்காச்சோள மாவு வேறு, இது வேறு. மாற்றி வாங்கிவிட்டால் கொரகொரவென்று தலையில் தங்கிவிடும். கூவைக்கிழங்கு மாவு, அதாவது அரரூட் மாவும் பொருந்தும். கடையில் விற்கும் இடியாப்ப மாவு, புட்டு மாவு எல்லாம் இதற்குக் கரடுமுரடானவை.

100 கிராம் கார்ன்ஃப்ளார் 30 ரூபாய் என்று கணக்கிட்டால், ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் வீதம் 30 முறைக்கு மேல் வரும். ஒரு தடவைக்கு ஒரு ரூபாய்! மாவை மெல்லிய வேட்டித் துணியில் சலித்து, ஈரமில்லாத டப்பாவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கறுப்பு முடியில் வெள்ளைப் பூத்தது போலத் தெரிகிறது என்பது இதிலுள்ள குறை. சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடரைக் கொஞ்சம் கலந்தால் நிறம் மட்டுப்படும். ஆனால் வியர்த்தால் வெள்ளைக் காலரில் பழுப்புக் கறை படும் என்பதையும் யோசித்துக்கொள்ளணும். கடையில் கருமையான முடிக்கென்றே நிறமேற்றிய டிரை ஷாம்புகளும் கிடைக்கின்றன.

இரண்டு பொருட்களைத் தவிர்ப்பது நல்லது. ஒன்று, சமையல் சோடா. உச்சந்தலைத் தோலின் அமிலத்தன்மை அளவு சுமார் 5.5. சமையல் சோடாவோ காரத்தன்மை கொண்டது. அடிக்கடி போட்டால் தோல் வறண்டு எரியும், முடி சொரசொரப்பாகும். இன்னொன்று, டால்கம் பவுடர். டால்க் என்ற கனிமத்தை மனிதர்களுக்குப் ‘புற்றுநோய் ஏற்படுத்தக்கூடிய சாத்தியம் அதிகம்’ என்ற 2ஏ பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-இல் சேர்த்தது. மூக்குக்கு இவ்வளவு பக்கத்தில் அதைத் தூவ வேண்டிய அவசியம் இல்லை.

சரியாகப் போடுவது எப்படி?

1. தலை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். சிக்கெடுத்து, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

2. ஸ்பிரே என்றால் கேனை நன்றாகக் குலுக்கி, தலையிலிருந்து ஒரு சாண் தூரமாவது தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். ஒட்ட வைத்து அடித்தால் ஒரே இடத்தில் வெள்ளைத் திட்டு விழும். பவுடர் என்றால் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, விரல் நுனியால் தொட்டு வைக்கலாம். பழைய மேக்கப் பிரஷ் இருந்தால் இன்னும் சுலபம்.

3. எண்ணெய் தெரியும் இடங்களுக்கு மட்டும் போதும்: வகிடு, நெற்றியோரம், காதோரம், பிடரி. முடியின் நுனி ஏற்கனவே வறண்டுதான் இருக்கும், அங்கே வேண்டாம்.

4. இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். எண்ணெயை உறிஞ்ச அந்த நேரம் தேவை. போட்டவுடன் சீவிவிட்டு “ஒண்ணும் ஆகலையே” என்பவர்கள் இந்த இரண்டு நிமிடத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

5. விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்துவிட்டு, தலையைக் கவிழ்த்து நன்றாகச் சீவிப் பவுடரை உதிர்த்துவிடுங்கள். சட்டை, சேலை மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் தோளில் வெள்ளை படாது.

காலையில் நேரமே இல்லை என்பவர்கள் முந்தைய நாள் இரவே கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளலாம். தூங்கும்போது தலையணையில் உரசி மாவு பரவிவிடும், காலையில் சீவினால் போதும். தலையணை உறையை மட்டும் அடிக்கடி துவைக்க வேண்டும்.

எத்தனை முறை போடலாம்?

இரண்டு தலைக்குளியலுக்கு நடுவே ஒருமுறை என்பதுதான் பாதுகாப்பான கணக்கு. அவசரத்துக்கு இரண்டு நாள் தொடர்ந்து போட்டுவிட்டால், மூன்றாவது நாள் தண்ணீரும் ஷாம்புவும் கொண்டு தலையை நன்றாக அலசிவிட வேண்டும். அன்று நெற்றியோரமும் பிடரியும் விரல் நுனியால் அழுத்தித் தேய்க்கப்பட வேண்டும். பவுடர் அதிகம் தங்குவது அங்கேதான். அரப்பு, சீயக்காய் போடுபவர்களுக்கும் இதே விதிதான்.

பென்சீன் சர்ச்சை என்ன?

டிரை ஷாம்பு உலக அளவில் செய்தியில் அடிபட்டதற்குக் காரணம் பென்சீன். ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதி செய்யப்பட்ட ரசாயனம் இது. யாரும் இதை டிரை ஷாம்புவில் வேண்டுமென்று சேர்ப்பதில்லை. ஸ்பிரே கேன்களில் அடைக்கும் வாயுக்கள் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் பென்சீன் மிச்சம் தங்கிவிடலாம்.

2021 டிசம்பரில் பி அண்ட் ஜி நிறுவனமும், 2022 அக்டோபரில் யூனிலீவர் நிறுவனமும் அமெரிக்காவில் விற்ற தங்களுடைய சில ஸ்பிரே டிரை ஷாம்புகளைத் தாமாகவே திரும்பப் பெற்றன. கண்டறியப்பட்ட அளவு உடல்நலத்தைப் பாதிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, முன்னெச்சரிக்கையாகவே திரும்பப் பெறுகிறோம் என்று அந்நிறுவனங்கள் தெரிவித்தன. அதே 2022 அக்டோபர் கடைசியில், வாலிஷூர் என்ற அமெரிக்கத் தனியார் ஆய்வகம் 34 பிராண்டுகளின் 148 தொகுப்புகளைச் சோதித்து, அவற்றில் 70 சதவீதத்தில் பென்சீன் இருந்ததாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்திடம் மனு கொடுத்தது.

இதற்காக எல்லா டிரை ஷாம்புவும் விஷம் என்று பயந்துவிட வேண்டாம். திரும்பப் பெறப்பட்டவை குறிப்பிட்ட காலத்தில் தயாரான ஸ்பிரே கேன்கள். பிரச்சினையின் ஊற்று வாயுவாக இருக்கும்போது, வாயுவே இல்லாத பவுடர் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலை குறையும். விலை விஷயத்தில் முந்திய பவுடர் இங்கேயும் முந்துகிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் விற்கும் அழகுசாதனப் பொருட்கள் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின் கீழ் வருகின்றன. டப்பாவில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, தொகுப்பு எண், காலாவதித் தேதி, உரிம எண் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளாக இருந்தால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், இறக்குமதிக்கான பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று இவை எதுவும் இல்லாத கேனை வாங்கினால், திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால்கூட அது உங்கள் கையிலிருக்கும் கேனுக்குப் பொருந்துமா என்று பார்க்க வழியிருக்காது.

ஸ்பிரே கேன் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் என்பதையும் மறக்கக் கூடாது. சமையலறையிலோ, விளக்கு, ஊதுபத்தி எரியும் பூஜை அறைக்குப் பக்கத்திலோ அடிக்க வேண்டாம். வெயிலில் நிற்கும் காரிலும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து, கண்ணை மூடி, மூச்சை ஒரு நொடி அடக்கிக்கொண்டு அடிக்க வேண்டும்.

ஆஸ்துமா, வீசிங் இருப்பவர்கள் ஸ்பிரே, பவுடர் இரண்டையுமே தவிர்ப்பது நல்லது. நைசான துகள்கள் மூச்சுக்குழாயை உறுத்தலாம். தலையில் புண், சொரியாசிஸ், கடுமையான பொடுகு இருப்பவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். குழந்தைகளுக்குத் தேவையே இல்லை.

யாருக்கு நிஜமாகவே உதவும்?

இரவுப் பணி முடிந்து நேராக வேறு வேலைக்குப் போகிறவர்கள், இரண்டு நாள் ரயில் பயணம் போகிறவர்கள், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் தண்ணீர் வரும் விடுதியில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இது கைகொடுக்கும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சென்னை மக்கள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த மாதிரியான நாட்களில், நீளமான முடியை அலசும் ஒரு பக்கெட் தண்ணீர் சின்ன விஷயம் இல்லை.

அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருப்பவர்களுக்கும் டிரை ஷாம்பு ஒன்றிரண்டு நாள் சமாளிக்க உதவும். ஆனால் வாரக்கணக்கில் படுத்திருப்பவர்களுக்கு அது போதாது. அவர்களுக்கு ‘நோ ரின்ஸ்’ ஷாம்பு என்ற வேறு பொருள் இருக்கிறது. திரவமான இதைத் தலையில் தேய்த்து, துண்டால் ஒற்றி எடுத்தால் அழுக்கும் துண்டோடு வந்துவிடும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் விண்வெளி வீரர்கள் தலையைச் சுத்தம் செய்துகொள்வதும் இந்த வகை ஷாம்புவில்தான்.

மற்றவர்களுக்குக் கணக்கு ரொம்ப எளிது. இன்றைக்கு ஒருநாள் ஓட்டணும் என்றால் ஒரு டீஸ்பூன் மாவு போதும். நாளைக்குத் தலைக்குக் குளித்துத்தான் ஆகணும்.